துயரிலும் ஒரு கூட்டுறவு

கூட்டுறவு இயக்கம் தோன்றிய காரணம் அங்கத்தினர்கள் யாவரும் அறிந்ததே. தனியொரு நெசவாளியால் நூல் விலையை எதிர்த்து நிற்க இயலவில்லை. தனியொரு விவசாயியால் விதைக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தை நியாயமான வட்டிக்குப் பெற இயலவில்லை. ஒருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பலர் கூடித் தாங்குவது என்னும் ஏற்பாடே சங்கமாயிற்று. ஆனால் கடனையும் நூலையும் போலவே தனியொருவரால் தாங்கவொண்ணாத பாரம் இன்னொன்று உண்டு. அது எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் பற்று வைக்கப்படுவதில்லை. அன்புக்குரிய ஒருவரைச் சாவுக்குப் பறிகொடுத்தவரின் துயரமே அது.

இப்பாரத்தையும் கூட்டுறவு முறையில் சுமக்க இயலுமா? இயலும் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிலர் தம் செய்கையால் விடை கூறி வருகின்றனர். முன்னொரு நாள் கணவரையோ மனைவியையோ குழந்தையையோ இழந்தவர், இன்று அதே இழப்பை அடைந்தவரின் வீட்டுக்குச் சென்று, அருகிலிருந்து, அவர் சொல்வதைக் கேட்கிறார். இதற்கெனச் சங்கங்கள் இருக்கின்றன. விதிகளும் பயிற்சியும் இருக்கின்றன. இச்சங்கங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நடைபெறுகின்றன, துயருற்றவர் எப்பொழுது தொண்டராகலாம், எப்பொழுது ஆகலாகாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருமாதிக்குப் பின்

நம் ஊர்களில் சாவு நேர்ந்த வீட்டைத் தனியே விடும் வழக்கம் இல்லை. பங்காளிகளும் சம்பந்திகளும் வந்து சேருகின்றனர். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் சோறு கொண்டு வருகின்றனர். பெண்கள் கட்டியழுது ஒப்பாரி வைக்கின்றனர். துக்கம் விசாரிக்க வருவோர் நாள்தோறும் வருகின்றனர். இவையெல்லாம் நம் முன்னோர் நன்கு எண்ணிச் செய்த ஏற்பாடுகள். ஆயினும் இவை நாள் கணக்கில் முடிந்துவிடுகின்றன. கருமாதி முடிந்து, உறவினர் ஊருக்குப் பேருந்து ஏறிய பின்னரே, வீடு வெறிச்சோடியது தெரிய வருகிறது.

நெசவாளர் வீட்டில் இது இரட்டை இழப்பாகும். தறியில் அமர்ந்தவர் கணவர். தார் சுற்றிக் கொடுத்தும் பாவு வேலைக்கு உதவியும் வந்தவர் மனைவி. கணவர் மறைந்தால் அம்மனைவி இழப்பது துணையை மட்டுமா? காலை முதல் மாலை வரை தமக்கிருந்த வேலையையும் அந்த வேலை தந்த ஒழுங்கையும் சேர்த்தே இழக்கிறார். சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் பன்முறை கண்டதொன்று உண்டு. காலஞ்சென்ற அங்கத்தினரின் பங்குத் தொகையும் சேமிப்பும் வாரிசுதாரரால் பெறப்படாமல் பல மாதங்கள் கணக்கிலேயே கிடக்கும். காரணம் கேட்டால், "மூன்று முறை சொல்லி அனுப்பினோம், அந்த அம்மா வரவில்லை" என்பார் காரியதரிசி. பணத்துக்கு அவ்வீட்டில் தேவை இல்லாமலில்லை. கணவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று எழுதிய தாளில் கையொப்பமிட அவருக்குக் கை வரவில்லை. உடன் வந்து பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்திருப்பின் அத்தொகை உரிய காலத்தில் அக்குடும்பத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

துயரம் நடக்கும் விதம்

துயரத்தைப் பற்றி நம்மிடையே சில தவறான எண்ணங்கள் உண்டு. துயரம் படிப்படியாக ஏறிக் கடக்க வேண்டிய ஏணி என்பது அவற்றுள் ஒன்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1969-இல் வெளியிட்ட நூலில் ஐந்து நிலைகளைக் கூறினார். அவர் அந்நூலில் எடுத்துக் கொண்டது, தமக்கு மரணம் நெருங்கிவிட்டதென்று அறிந்த நோயாளிகளின் மனநிலையை. பின்னர் அது இழந்தோர் யாவருக்குமுரிய அட்டவணை போலப் பரவிவிட்டது. எல்லோரும் அதே வரிசையில் துயரைக் கடப்பதில்லை என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகிய இருவர் நெதர்லாந்தில் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1999-இல் வேறொரு விளக்கம் தந்தனர். துயருற்றவர் சில வேளை இழப்பை நோக்கித் திரும்புகிறார், நினைக்கிறார், அழுகிறார். சில வேளை மாறிவிட்ட வாழ்க்கையை நோக்கித் திரும்புகிறார். வரவு செலவு பார்க்கிறார், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் கவனிக்கிறார், சிரிக்கவும் செய்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிச் செல்வதே இயல்பான துயரம் என்பது அவர்கள் கருத்து. சந்தையில் ஒருநாள் சிரித்த பெண்ணைப் பார்த்து, "அதற்குள் மறந்துவிட்டாள்" என்பதும், மறுவாரம் அவள் அழுதால், "இன்னுமா அழுகிறாள்" என்பதும் ஒருங்கே தவறு என்பது இதனால் விளங்கும்.

சங்கங்கள் பிறந்த கதை

1942 நவம்பர் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்து 492 பேர் மாண்டனர். உயிர் தப்பியோரையும் உற்றாரை இழந்தோரையும் கண்டு பேசிய எரிக் லிண்டெமான் என்ற மனநோய் மருத்துவர், 1944-இல் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இழப்புக்குப் பின் உடலும் மனமும் என்ன பாடுபடுகின்றன என்பதை நேரிற் கண்டு எழுதிய முற்கால ஆராய்ச்சிகளுள் அது தலையாயது. லிண்டெமானுடன் பணியாற்றியவர் ஜெரால்ட் காப்லன். காப்லன் பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் பில்லிஸ் சில்வர்மன் என்ற சமூக சேவகி சேர்ந்தார்.

இளம் விதவைகளுக்கு உண்மையில் உதவியாயிருந்தவர் யார் என்பதை ஆராய்ந்த சில்வர்மன் அம்மையார், மருத்துவரையும் குருமாரையும் காட்டிலும் இன்னொரு விதவையே பெரிதும் பயன்பட்டார் எனக் கண்டார். ஆகவே 1967-இல் பாஸ்டனைச் சேர்ந்த டார்செஸ்டர் என்னும் பகுதியில், கணவரை இழந்த ஐந்து பெண்மணிகளைக் கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 'விதவைக்கு விதவை' என்பதே அதன் பெயர். மரணப் பதிவுகளிலிருந்து புதிதாகக் கணவரை இழந்தோரின் பெயர்களைத் திரட்டினர். இன்ன நாளில் காண வருவதாகக் கடிதம் எழுதினர். வர வேண்டாமெனில் தெரிவிக்கும் உரிமையையும் கொடுத்தனர். உதவி வேண்டுவோர் தேடி வரட்டும் என்று காத்திராமல், தாமே கதவைத் தட்டியது இத்திட்டத்தின் சிறப்பு. துயரத்தில் ஆழ்ந்தவருக்கு உதவி கேட்கவே வலிமை இராது என்பதை அவர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இதே முறையை 1973 முதல் அமெரிக்க ஓய்வு பெற்றோர் சங்கம் மேற்கொண்டு, தொண்டர்களைக் கொண்டு பல ஊர்களில் நடத்தியது.

இங்கிலாந்தில் இதற்கு முன்பே ஒரு முயற்சி தொடங்கியிருந்தது. 1959-இல் லண்டனை அடுத்த ரிச்மண்டில் மார்கரெட் டோரி என்ற அம்மையார், விதவைகளுக்கென க்ரூஸ் என்னும் சங்கத்தை நிறுவினார். பஞ்ச காலத்தில் தன்னிடமிருந்த கடைசிச் சிறிது மாவையும் எண்ணெயையும் எலியா தீர்க்கதரிசிக்குப் பகிர்ந்தளித்த ஏழை விதவையின் கலசத்தில் எண்ணெய் குறையவேயில்லை என்பது விவிலியக் கதை. அக்கலசத்தின் ஆங்கிலப் பெயரே சங்கத்தின் பெயராயிற்று. விதவைகளுக்கென்று தோன்றிய க்ரூஸ், பின்னாளில் யாரை இழந்தோர்க்கும் உதவும் சங்கமாக விரிந்தது. துயரத்தைப் பற்றி 1972-இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட காலின் மரே பார்க்ஸ் என்ற மருத்துவர், நெடுங்காலம் அதனுடன் இணைந்து உழைத்தார். இன்றும் அதன் பணி பெரும்பாலும் பயிற்சி பெற்ற தொண்டர்களாலேயே நடைபெறுகிறது.

குழந்தையை இழந்த பெற்றோர்க்கான சங்கம் கவென்ட்ரி நகரத்து மருத்துவமனையில் உருவாயிற்று. 1968-இல் அங்கே இரு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அம்மருத்துவமனையில் சமயப் பணியாற்றிய சைமன் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர், இரு பெற்றோரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைத்தார். தாம் கூறும் ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் அளிக்கும் ஆறுதலே பெரிதென்பதை அவர் கண்டார். 1969-இல் 'கருணையுள்ள நண்பர்கள்' என்னும் பொருள்படும் கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ் சங்கம் தோன்றியது. 1972-இல் அது அமெரிக்காவுக்கும் பரவியது.

இழந்தவரே உதவுவதன் பயன்

புதிதாக இழந்தவர், "என் துயரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வாய்விட்டோ மனத்துள்ளோ கேட்கிறார். தாமும் இழந்தவரைப் பார்த்து அவ்வாறு கேட்க இயலாது. அதனினும் முக்கியமானது வேறொன்று. எதிரே அமர்ந்திருப்பவர் ஐந்தாண்டுகளுக்கு முன் இதே நிலையிலிருந்தும், இன்று உண்டு, உழைத்து, பிறர் வீட்டுக்கு நடந்து வருகிறார். இந்தத் துயரோடும் வாழ இயலும் என்பதற்கு அவரே சாட்சி. வாயால் சொல்லும் எந்த ஆறுதலும் இந்தச் சாட்சிக்கு ஈடாகாது.

இதன் பயனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் மேரி வாஷான் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 162 விதவைகளை இரண்டாண்டுகள் கவனித்து, 1980-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினர்க்கு, பயிற்சி பெற்ற மற்றொரு விதவையின் துணை அளிக்கப்பட்டது, மற்றவர்க்கு அளிக்கப்படவில்லை. இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் துயரைக் கடந்தனர். துணை பெற்றவர்கள் அவ்வழியை விரைவில் கடந்தனர். துயரத்தை இல்லாமற் செய்வது இச்சேவையால் ஆவதன்று. நடக்க வேண்டிய வழியை உடன் நடந்து எளிதாக்குவதே இதனால் ஆவது.

உதவுபவருக்கும் இதில் பங்கு உண்டு. பிறருக்கு உதவுவதே உதவுபவரின் மனத்துக்கு மருந்தாகிறது என்ற கருத்தை ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1965-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தாம் பட்ட துன்பம் வீண் போகவில்லை, ஒருவருக்கேனும் பயன்பட்டது என்ற நிறைவு அவருக்குக் கிடைக்கிறது. மறைந்தவரின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்ல ஓரிடமும் கிடைக்கிறது. கொடுப்பவர், பெறுபவர் என்று நிலையான பிரிவு இதில் இல்லை. இன்று பெற்றவர் நாளை கொடுக்கிறார். தருமத்துக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொண்டருக்குரிய விதிகள்

இழந்தவர் என்ற ஒரே காரணத்தால் எவரும் இத்தொண்டுக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. நல்ல எண்ணம் மட்டும் கொண்டு சென்று தீங்கு செய்துவிடக் கூடும். ஆதலின் இச்சங்கங்கள் சில விதிகளைக் கைக்கொள்கின்றன.

முதலாவது, காலம். தம் இழப்புக்குப் பின் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை கழியட்டும் என்று பல சங்கங்கள் கேட்கின்றன. தவணை தவறி நிற்கும் அங்கத்தினரைப் பிறர் கடனுக்கு ஜாமீன் ஏற்காததற்கு ஒப்பானது இது. துயரம் முற்றும் தீர்ந்திருக்க வேண்டும் என்பது பொருளன்று. அது முற்றும் தீர்வதுமில்லை. பிறர் அழும்போது தம் அழுகை மேலெழுந்து அவருடையதை மூடிவிடாத அளவுக்கு ஆறியிருந்தால் போதும்.

இரண்டாவது, பயிற்சி. விண்ணப்பித்தவருடன் பேசிப் பார்த்த பின்னரே சேர்த்துக் கொள்கின்றனர். பயிற்சியின் பெரும்பகுதி கேட்பதற்கான பயிற்சியே. "தைரியமாக இருங்கள்", "எல்லாம் விதி", "இன்னொரு பிள்ளை பிறக்கும்" என்பன போன்றவற்றைச் சொல்லாதிருக்கவும், "எனக்கும் இப்படித்தான்" என்று தம் கதையைத் தொடங்காதிருக்கவும் பழகுகின்றனர். "அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள்" என்ற ஒரு கேள்வி நூறு ஆறுதலைவிடச் சிறந்தது. மறைந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவது நல்லது. எதிரே இருப்பவர் பேசாதிருந்தால், தாமும் பேசாமல் அருகில் இருப்பதும் தொண்டேயாகும்.

மூன்றாவது, இரகசியம். ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டுக்குப் போகலாகாது. சிற்றூரில் இவ்விதி தவறினால் இத்தொண்டு ஒரு மாதம்கூட நிலைக்காது.

நான்காவது, வரம்பு. தொண்டர் கடன் கொடுக்கலாகாது; சொத்துப் பிரச்சினையில் தலையிடலாகாது; அவருக்காகத் தாம் முடிவெடுக்கலாகாது. தறியை விற்பது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போன்ற பெரிய முடிவுகளை, அவசரமில்லையேல் சில காலம் ஒத்தி வைக்கலாம் என்று நினைவூட்டுவதோடு நின்றுவிட வேண்டும்.

ஐந்தாவது, மேற்பார்வை. தொண்டர் தாம் கண்டதைக் குறித்த காலத்தில் மூத்தவர் ஒருவரிடம் கூறி யோசனை கேட்க வேண்டும். இது அவரைக் கண்காணிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு அவர் மனம் கனத்துவிடாமலும் இது காக்கிறது. தம் வீட்டின் வெறுமையைக் காணப் பயந்து, ஓயாமல் பிறர் வீடுகளுக்கு ஓடுபவர்கள் உண்டு. அத்தகையவரைச் சில மாதம் ஓய்ந்திருக்கச் சொல்லும் பொறுப்பும் அம்மூத்தவருடையது.

ஆறாவது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலையை அறிதல். இயல்பான துயரம் நோயன்று. ஆனால் சிலருக்கு மாதங்கள் பல சென்றும் துயரம் சிறிதும் தணியாமல் வாழ்க்கையையே முடக்கிவிடுகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதங்களுக்கு மேலும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சியும் நீடிக்கும் இத்தகைய கடுந்துயரைத் தனி நோயாக ஏற்றுள்ளது. உண்ணாமை, உறங்காமை, குடியில் வீழ்தல், வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கலாகாது. "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேரே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாய்த் தோன்றிவிடாது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த உண்மை. நம் நாட்டில் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆண்களின் துயரம்

மனைவியை இழந்த ஆண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். அவர்கள் அழலாகாது என்பது ஊர் வழக்கு. கருமாதி முடிந்த மறுவாரமே, "மறுபடி ஒரு கல்யாணம்" என்ற பேச்சைத் தொடங்குவோரும் உண்டு. அவர் மனநிலையைக் கேட்பாரில்லை. இத்தகையவரை நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் பேசமாட்டார். வரப்பில் உடன் நடக்கும்போதோ, மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பாய்வதைப் பார்த்திருக்கும்போதோ, தாமாகவே இரண்டு வார்த்தை சொல்வார். மனைவியை இழந்த இன்னொரு விவசாயி பக்கத்தில் இருந்தால் மூன்றாவது வார்த்தையும் வரும்.

நம்மால் ஆகக்கூடியது

இத்தகைய தொண்டு நம் பக்கத்துக்கு முற்றும் புதியதன்று. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா, தற்கொலையைத் தடுக்கும் பணியைத் தொண்டர்களைக் கொண்டே நடத்தி வருகிறது. கேரளத்தின் வட மாவட்டங்களில், தீரா நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே பேணும் அயலார் தொண்டு அமைப்புகள் சென்ற நூற்றாண்டின் இறுதியில் தோன்றிப் பரவின. அங்கே தொண்டு புரிவோர் சாதாரண ஊர் மக்களே.

நம் சங்கங்கள் இதற்கெனப் புதிய கட்டிடமோ நிதியோ தேட வேண்டுவதில்லை. ஒவ்வொரு சங்கத்திலும் இழப்பை அடைந்து சில ஆண்டுகள் கழிந்த அங்கத்தினர்கள் இருக்கவே செய்வர். அவர்களுள் விருப்பமும் நிதானமும் வாய்ந்த இருவர் மூவரை நிர்வாகக் குழு கேட்டுக் கொள்ளலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகி, அவர்களுக்குச் சிறிது பயிற்சி தரும்படி வேண்டலாம். அங்கத்தினர் குடும்பத்தில் சாவு நேர்ந்தால், கருமாதி கழிந்து ஒரு மாதத்தில் ஒருமுறையும், மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும், முதல் தீபாவளி அல்லது பொங்கலின்போது ஒருமுறையும், ஆண்டு நினைவு நாளுக்கு முன் ஒருமுறையும் அவர்கள் சென்று பார்க்கலாம். நியமனதாரர் மனு, இறப்புச் சான்று, சேமிப்புத் தொகை முதலிய தாள்களை எழுதும்போது உடன் இருக்கலாம். முன்னதாகச் சொல்லியனுப்ப வேண்டும், வேண்டாமென்றால் வற்புறுத்தலாகாது.

ஓர் இடையூறு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கணவரை இழந்த பெண் எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுக்கும் கெட்ட வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவ்வழக்கத்தால் மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்மணியின் அனுபவத்தையே இத்தொண்டு தகுதியாகக் கொள்கிறது. சங்கத்தின் சார்பில், நாலு பேர் அறிய, அவர் இன்னொரு வீட்டுக்குச் சென்று வருவாராயின், அவரால் தேற்றப்பட்டவருக்கு உண்டாகும் நன்மை ஒருபுறமிருக்க, அவருடைய மதிப்பும் ஊரில் உயரும். இந்த ஒன்றுக்காகவே இம்முயற்சியைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், சென்ற ஓராண்டில் காலமான அங்கத்தினர்களின் பட்டியலைக் காரியதரிசி ஒருமுறை வாசிக்கட்டும். அவர்கள் வீடுகளுக்குக் கருமாதிக்குப் பின் சங்கத்திலிருந்து யார் சென்றார் என்ற கேள்வியையும் குழுவினர் கேட்டுக் கொள்ளட்டும். எவரும் செல்லாத வீட்டிலிருந்து தொடங்கலாம்.